'ஃபைன்' என்னும் அடைமொழியும் நம் தமிழும்

மாணாக்கர் இளமையிலே கற்று, எளிதென்று எண்ணிப் பின்னர் இடர்ப்படும் ஆங்கிலச் சொற்களுள் 'ஃபைன்' என்பதும் ஒன்று. 'நல்ல' என ஒரே பொருளைக் குறிப்பேட்டில் எழுதி மனனஞ் செய்தவன், அச்சொல் வருமிடமெல்லாம் அதனையே பெய்கின்றான். இதனால் அவனுடைய ஆங்கிலமும் வளர்வதில்லை, தமிழும் வளர்வதில்லை.

எல்லை, முடிவு எனப் பொருள்படும் 'ஃபினிஸ்' என்னும் இலத்தீன் சொல்லே இதற்கு மூலம். முற்றச் செய்து நிறைவெய்தியது சிறந்தது என்னும் கருத்தில் இவ்வடைமொழி தோன்றிற்று. வழக்கை முடித்தற்குச் செலுத்தும் பணம் என்னும் கருத்தினின்று, தண்டப்பணத்தைக் குறிக்கும் பெயரும் அம்மூலத்தினின்றே பிறந்தது.

இன்று இவ்வடைமொழி மணலைச் சார்ந்தால் நுண்மையையும், பென்சில் முனையைச் சார்ந்தால் கூர்மையையும், வானிலையைச் சார்ந்தால் தெளிவையும், வேறுபாட்டைச் சார்ந்தால் நுட்பத்தையும் உணர்த்தும். நலம் வினாவியவர்க்கு விடையாயின் 'சுகம்' என்பதே பொருள். கதையிலே 'ஒருநாள்' என்பதனோடு வருங்கால் அதற்குத் தனிப்பொருளே இல்லை. குரல் மாறின் இகழ்ச்சியும் ஆகும்.

இவ்வடைமொழி கலையைச் சார்ந்தபோது தமிழில் இரு தொடர்கள் எழுந்தன. நுண்கலை என்பது நுண்மையைப் பற்றியது. கவின்கலை என்பது அழகைப் பற்றியது. ஆங்கிலத் தொடரின் கருத்துக்கு அணித்தாயது பின்னதே. ஆயினும் முன்னது நம்மிடை வேரூன்றிவிட்டமையின் அதனைப் பெயர்த்தல் வேண்டா.

ஒரு சொல் பல பொருள் தருதல் நமக்குப் புதிதன்று. 'கடி' என்னும் ஓர் உரிச்சொல்லுக்கு நன்னூலார் 13 பொருள் கூறினர். கடிநகர் காவலுடைய நகர். கடிமலர் மணமுடைய மலர். இவற்றை இடனறிந்து பொருள்கொள்ளும் மாணவன் 'ஃபைன்' என்பதன் முன் மயங்குவானேன்? தமிழ்ப் பாடவேளையிற் கற்ற நெறியை ஆங்கிலப் பாடவேளையில் மறந்துவிடுவதே காரணம்.

ஆதலின் அடைமொழியைத் தனியே எழுதி மனனஞ் செய்விக்கும் வழக்கத்தை நாம் கைவிடுதல் வேண்டும். அது தழுவும் பெயரோடு சேர்த்தே எழுதுவிக்க. ஒவ்வொன்றற்கும் ஏற்ற தமிழ்ச்சொல்லை மாணவனே தேடுக. அவன் கண்ட சொற்களை ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருங்கிருந்து நோக்குவாராயின், ஒரே உழைப்பில் இரு மொழியும் பயன்பெறும்.