வெடிக்கும் சரக்கும் விற்றவன் பொறுப்பும்

சோரியாங்குப்பத்தில் தென்பெண்ணைக் கரையோரம் நாற்று நட்டுவிட்டு அந்தி சாய வீடு திரும்பும் விவசாயத் தொழிலாளி முதலில் செய்கிற காரியம், கைபேசியை மின்சாரத்தில் மாட்டுவதுதான். மறுநாள் எந்த வயலில் வேலை என்று மேஸ்திரி சொல்வது அதில்தான். காஸ் சிலிண்டருக்குப் பதிவதும் அதில்தான். வெளியூரில் கூலி வேலை பார்க்கும் மகனின் குரல் வருவதும் அதில்தான். இரவு முழுவதும் அது பாய்க்குப் பக்கத்தில், தலைமாட்டில் கிடக்கிறது. அருகே குழந்தைகள் தூங்குகிறார்கள். மேலே கீற்றுக் கூரை. அந்தக் கைபேசியின் வயிற்றில் உள்ள பாட்டரி பழுதானதாக இருந்தால் என்ன கதி? அதற்கு யார் பொறுப்பு? இது வசதி படைத்தவர் வீட்டுப் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

விஷயம் என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம். லித்தியம் பாட்டரிக்குள் இருவகைத் தகடுகள் உண்டு. அவற்றுக்கு நடுவே மிக மெல்லிய ஒரு படலம். இரண்டு வயலுக்கு நடுவே வரப்பு நிற்பதுபோல அது நிற்கிறது. அந்த வரப்பு உடைந்தால் தகடுகள் ஒன்றையொன்று தொடும். கண்மூடித் திறப்பதற்குள் சூடேறும். உள்ளிருக்கும் திரவம் பற்றி எரியும். பாட்டரியை நாம் நசுக்கினாலும் துளைத்தாலும் படலம் கிழியலாம். அது நம் தவறு. ஆனால் தகடு வளைந்து மடங்கியிருந்தாலும், பற்றவைத்த இடத்தில் பிசிறு முள்போல் நீட்டிக்கொண்டிருந்தாலும் கிழியும். அது செய்தவன் தவறு. வாங்குகிறவன் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

இது கற்பனை அல்ல. 2016 ஆகஸ்டில் சாம்சங் கம்பெனி 'நோட் 7' என்ற கைபேசியை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இரண்டே வாரத்தில் பல இடங்களில் அது தீப்பற்றியது. செப்டம்பர் 2-ல் சுமார் 25 லட்சம் கைபேசிகளை வாபஸ் வாங்குவதாகக் கம்பெனி அறிவித்தது. பதிலாகக் கொடுத்தவையும் எரிந்தன. அக்டோபர் 11-ல் உற்பத்தியையே நிறுத்தியது. 2017 ஜனவரியில் கம்பெனியே ஒப்புக்கொண்ட காரணம் என்ன? இரண்டு இடங்களில் செய்த பாட்டரிகளிலும் குறை. ஒன்றில் மூலையில் தகடு வளைந்திருந்தது. மற்றொன்றில் பற்றவைப்புப் பிசிறு. அதே சமயம் சீனத்தில் என்ன நடந்தது? முதலில் 1,858 கைபேசிகளை மட்டுமே திரும்பக் கேட்டார்கள். பின்னர் அக்டோபரில்தான் 1,90,984 என்று கணக்கு ஏறியது. சரக்கின் பெயர் ஒன்று; நாட்டுக்கு நாடு நீதி வேறு!

நம் பக்கத்திலும் மணி அடித்தது. 2016 செப்டம்பர் 23-ல் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த விமானத்தில், பழைய 'நோட் 2' கைபேசி ஒன்று பெட்டிகள் வைக்கும் தட்டில் புகைந்தது. நல்லவேளை, ஊழியர்கள் அணைத்தார்கள், உயிர்ச்சேதம் இல்லை.

அதற்கு முன்பே, 2007 ஆகஸ்டில், நோக்கியா கம்பெனி தன் கைபேசிகளில் இருந்த, ஜப்பானின் மட்சுஷிடா கம்பெனி செய்த 4 கோடியே 60 லட்சம் பாட்டரிகள் சூடேறக்கூடும் என்று எச்சரித்து, மாற்றித் தருவதாகச் சொன்னது. அப்போது அந்தக் கைபேசிகள் நம் ஸ்ரீபெரும்புதூரிலேயே தயாராகிக்கொண்டிருந்தன. மாற்றிக்கொள்ள என்ன வழி? பாட்டரியின் முதுகில் உள்ள நீண்ட எண்ணைப் படித்து, இன்டர்நெட்டில் சரிபார்க்க வேண்டும். ஆங்கில எழுத்தே தெரியாத கூலிக்காரன் அன்று என்ன செய்திருப்பான்?

2022 மார்ச்சில் வேலூரில் நடந்ததை மறக்க முடியுமா? இரவில் மின்னேற்றம் செய்துகொண்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் சிறுமியான மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர். வேறு ஊர்களிலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஏப்ரல் மாதத்தில் ஓகினாவா 3,215 வண்டிகளையும், பியூர் ஈவி 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் வாபஸ் வாங்கின. உயிர் போன பிறகு வாபஸ்! போகும் முன் சோதித்துப் பார்க்க யார் இருந்தார்கள்?

இப்படி எங்கே விபத்து நேர்ந்தாலும் முதலில் காதில் விழும் சொல் ஒன்றுண்டு: "உபயோகித்தவரின் கவனக்குறைவு." ஆலைத் தொழிலாளிக்கு இந்தச் சொல் புதிதா? இயந்திரத்துக்குக் காப்பு வலை போடாத முதலாளியை விட்டுவிட்டு, கையை இழந்தவன்மீதே பழி போடுவதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்! இன்று அதே பழியைச் சரக்கு வாங்கியவன்மீதும் சுமத்துகிறார்கள். மலிவாக வாங்கு, வேகமாகச் செய், போட்டிக்காரனுக்கு முன்னால் சந்தைக்குக் கொண்டுபோ என்பது லாபவேட்டையின் விதி. சோதனைக்குச் செலவிடும் நாளும் பணமும் அந்தக் கணக்கில் நஷ்டம். அந்த நஷ்டத்தைக் குறைக்கத்தான் நம் வீட்டுக் கூரை பந்தயம் வைக்கப்படுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள சரக்கால் நேரும் தீங்குக்குச் செய்தவனையும் விற்றவனையும் பொறுப்பாக்கி நஷ்ட ஈடு கேட்க வழிசெய்கிறது. ஆபத்தான சரக்கை வாபஸ் வாங்கும்படி உத்தரவிட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 2022 ஆகஸ்டில் அது அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தியது. தர நிர்ணயத்துக்குப் புறம்பான 2,265 பிரஷர் குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கும்படி அமேசானுக்கு உத்தரவிட்டது. அபராதம் எவ்வளவு? ஒரு லட்சம் ரூபாய்! உலகம் முழுவதும் கடை விரித்திருக்கும் கம்பெனிக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு. சட்டத்துக்குப் பல் இருக்கிறது, கடிக்கத்தான் மனமில்லை.

எனவே நாம் கோருவது இதுதான். வாபஸ் அறிவிப்பு கம்பெனியின் வலைத்தளத்தோடு நிற்கக் கூடாது. தமிழில் அச்சடித்து, பாகூர், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் விற்ற கடைகளிலும் ஒட்ட வேண்டும். கிராமங்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டும். ரசீது இல்லை என்று ஏழையைத் திருப்பி அனுப்பக் கூடாது. சரக்கில் உள்ள எண்ணே சாட்சியாகட்டும். அபராதம் கம்பெனியின் விற்பனைக்கு ஏற்றபடி இருக்கட்டும். விபத்துகளை ஆராயும் சர்க்கார் நிபுணர்களின் அறிக்கைகள் ஜனங்கள் படிக்க வெளிவர வேண்டும்.

இன்னொன்றும் சொல்வோம். பிசிறு நீட்டிக்கொண்டிருப்பதை முதலில் காண்பவன் யார்? தொழிற்சாலையில் வேலை செய்யும் தொழிலாளிதான். "இது சரியில்லை, நிறுத்துங்கள்" என்று அவன் அச்சமின்றிச் சொல்ல வேண்டுமானால், அவனுக்குப் பின்னால் சங்கம் இருக்க வேண்டும். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் சங்க உரிமைக்காக ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த உரிமை அவர்களுக்கு மட்டுமானதல்ல. சரக்கு வாங்கும் நம் வீட்டுப் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது.

அதுவரை நாம் செய்ய வேண்டியதும் உண்டு. எதை வாங்கினாலும் ரசீது கேளுங்கள். கொடுக்காத கடையில் வாங்காதீர்கள். உப்பிய பாட்டரியை உடனே கழற்றச் சொல்லுங்கள். மின்னேற்றும்போது படுக்கையில் வைக்காதீர்கள். விபத்து நேர்ந்துவிட்டால் எரிந்த பொருளைக் குப்பையில் எறியாதீர்கள். அதுவே உங்கள் சாட்சி. 1915 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். சரக்குக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் ஊருக்கான ஆணையமே போதும். கம்பெனி இருக்கும் பட்டணத்துக்கு அலைய வேண்டாம்.

தனியாக ஒருவர் போனால் "கவனக்குறைவு" என்பார்கள். சங்கத்தோடு, ஊரோடு போவோம். பழுதான நெல்லை விதை என்று விற்றவனை ஊர் விட்டுவிடுமா? பழுதான பாட்டரியை விற்றவனையும் விடக் கூடாது!