கலைக்கப்படாத நீச்சல்

ஆழ்கடல் உயிரியலில் எண்ணிக்கைக்கும் வகைப்பாட்டுக்கும் நாம் கொடுக்கும் இடத்தை அசைவுக்குக் கொடுப்பதில்லை. இழுவலையில் என்ன ஏறியது, எந்த ஆழத்தில், எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பதிவேட்டுக்குப் போய்விடுகின்றன. அந்த உயிர் நீரில் எப்படி நின்றது, எந்த உறுப்பால் நகர்ந்தது என்பதை, குழைந்து நசுங்கிக் கப்பல் தளத்தில் வந்து விழும் உடலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை அறிய வாம்பயர் கணவாயின் கதை ஒன்றே போதும்.

வால்டிவியா கப்பலின் 1898–99 பயணத்தில் கிடைத்த அதற்கு, 1903இல் கார்ல் கூன் வாம்பைரோட்டூதிஸ் இன்ஃபெர்னாலிஸ் என்று பெயரிட்டு ஆக்டோபஸ்களோடு சேர்த்தார். அடுத்தடுத்து வலையில் அகப்பட்டவை குழப்பத்தைக் கூட்டின. சிலவற்றுக்கு ஒரு இணைத் துடுப்பு, சிலவற்றுக்கு இரண்டு. வேறு சிலவற்றுக்கு மீண்டும் ஒரே இணைதான், ஆனால் இருக்கும் இடம் வேறு. தனித்தனி இனங்களாக மட்டுமல்ல, தனித்தனிப் பேரினங்களாகவே இவை விவரிக்கப்பட்டன. எல்லாமே ஒரே விலங்கின் வெவ்வேறு வயதுகள் என்பதை கிரேஸ் பிக்ஃபோர்டுதான் நிறுவினார்.

துடுப்பு ஏன் இப்படி மாறுகிறது? சைபெல், தூசன், சில்ட்ரெஸ் மூவரும் 1998இல் எழுதிய கட்டுரை அதற்கு நீச்சலிலிருந்தே விடை சொன்னது. இளம் கணவாய் நீரைப் பீய்ச்சி நகர்வதைப் பெரிதும் நம்பியிருக்கிறது. வளரும்போது பழைய துடுப்புகளுக்கு முன்னால் புதிய இணை முளைக்கிறது. கொஞ்ச காலம் நான்கும் இருக்கும். பிறகு பழையவை உடலுக்குள்ளேயே கரைந்துபோகின்றன. வளர்ந்த விலங்கு பறவை சிறகடிப்பதைப் போலத் துடுப்பை வீசியே செல்கிறது. பீய்ச்சுவதைவிட அது சிக்கனமான வழி. ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கில் வாழும் உயிருக்கு அந்தச் சிக்கனம்தான் பிழைப்பு. தலைக்காலிகளில் இதுவரை அளக்கப்பட்டவற்றுள் இதன் வளர்சிதை மாற்ற வேகம் மிகக் குறைவானவற்றுள் ஒன்று. களி போன்ற உடல் நீரின் அடர்த்திக்கு நெருக்கமாக இருப்பதால், மூழ்காமலிருக்கவென்று தனியாக உழைக்கவும் வேண்டியதில்லை. நீண்ட இழை ஒன்றை நீட்டி, மேலிருந்து விழும் மட்கலைச் சேகரித்து உண்கிறது என்று ஹோவிங்கும் ராபிசனும் 2012இல் காட்டினார்கள். இரையைத் துரத்தாத விலங்கு இது. அசையாமல் மிதப்பதையும் இதன் நீச்சல் முறையில் ஒரு பகுதியாகவே நாம் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆழம் கூடக் கூட உயிர்கள் மந்தமாவதற்குக் குளிரும் அழுத்தமும் உணவுப் பஞ்சமும்தான் காரணம் என்று நம் பாடநூல்கள் இன்னும் பொத்தாம்பொதுவாக எழுதுகின்றன. சில்ட்ரெஸ் முன்வைத்த விளக்கம் வேறு. வெளிச்சமில்லாத இடத்தில் வேட்டையாடுவதும் தப்பியோடுவதும் குறுகிய தொலைவிலேயே முடிந்துவிடுவதால், வேகமாக நீந்தும் தசையைப் பராமரிக்கத் தேவையில்லை. கண்ணை நம்பி வாழும் மீன்களிலும் தலைக்காலிகளிலும் ஆழத்தோடு காணப்படும் வளர்சிதை மாற்ற வேகச் சரிவு, கண்ணில்லாத ஜெல்லி உயிர்களில் காணப்படுவதில்லை. என் பார்வையில் அந்த விளக்கத்துக்கு இதுவே வலுவான சான்று.

அப்படியானால், வெளிச்சத்தைக் கொட்டிக்கொண்டு, உந்திகள் இரைய அருகில் போகும் ஆழ்கடல் ஊர்தியின் கேமராவில் நாம் பார்ப்பது எந்த அசைவை? ஆவணப்படங்களில் அடிக்கடி வரும் வாம்பயர் கணவாய், கைகளுக்கு இடையேயுள்ள சவ்வைத் தலைக்குமேல் புரட்டிப் போர்த்திக்கொள்ளும். அது மிரண்ட விலங்கு. இதற்கு மாறாக, 2012இல் ஒகசவாராவில் ராட்சதக் கணவாயைப் படம்பிடித்த பயணத்தில் எடித் விட்டர் கொண்டுபோன மெடூசா கேமராவுக்கு உந்திகள் கிடையாது. பெரும்பாலான ஆழ்கடல் உயிர்களின் கண்ணில் படாத அடர்சிவப்பு ஒளியே அதற்குப் போதுமானதாக இருந்தது. கணவாய் வந்து அதன்முன் நீந்தியது.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்ல வடிவமைக்கப்பட்டது. கடல்தரையிலுள்ள கனிமங்கள் மீதே எல்லார் கவனமும் இருக்கும், அது இயல்பு. ஆனால் அந்தத் தரையை அடைய ஊர்தி பல மணி நேரம் நடுநீரில் இறங்கியாக வேண்டும். அந்த நேரத்தில் கேமரா ஓடட்டும், கொஞ்ச நேரமாவது சிவப்பு விளக்கு மட்டும் எரியட்டும், உந்திகள் ஓயட்டும். திட்டமிடும் கட்டத்திலேயே நடுநீர் உயிரியலாளர்கள் இதைக் கேட்டுப் பெற வேண்டும். ஊர்தி கடலில் இறங்கிய பிறகு கேட்டால் நேரமும் மின்கலமும் வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கும்.

நம் இதழும் தன் பங்கைச் செய்ய வேண்டும். இனி நீச்சல் நடத்தையைப் பற்றிய கட்டுரைகளில் விளக்கின் நிறம், உந்திகளின் நிலை, விலங்குக்கும் ஊர்திக்கும் இடையிலிருந்த தொலைவு, முதலில் கண்ணில் பட்டதிலிருந்து கழிந்த நேரம் ஆகிய விவரங்களைக் கேட்போம். விலங்கு ஒளிக்குள் வந்த முதல் சில நொடிகளை வெட்டாத காணொளியும் உடன் வர வேண்டும். மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த விவரங்கள் இல்லாத பழைய பதிவுகளை வைத்திருப்பவர்கள், அவற்றைக் குறுங்குறிப்புகளாக அனுப்பலாம்.