யாருடைய ஆயுள்?

இலக்கியம் பேசும் இடத்தில் காரின் கியர்பாக்ஸ் எண்ணெயைப் பற்றி எழுதுகிறார்களே என்று வாசக நண்பர்கள் நினைக்கக்கூடும். எங்கள் வழக்கு ஒரு சொல்லின் பொருளைப் பற்றியது என்பதால் இடம் தவறவில்லை என்றே கருதுகிறோம். அந்தச் சொல் 'ஆயுட்கால எண்ணெய்'.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் நாங்கள் ஓட்டிவரும் பழைய செடானுக்கு வயது பதினெட்டு. ஓடிய தூரம் 1,80,000 மைலைத் தாண்டிவிட்டது. பேருந்து எட்டிப் பார்க்காத ஊரில் அதை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. சென்ற குளிர்காலத்தில், மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து மைல் வேகத்தில் சீராகச் செல்லும்போது வண்டி நடுங்கத் தொடங்கியது. கரடுமுரடான வரிகளின் மேல் சக்கரம் ஏறியதைப் போல இரண்டு மூன்று நொடி உதறல். பிறகு ஒன்றும் நடவாதது போல அமைதி. முதலில் காட்டிய பணிமனையில் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டும் என்று 3,500 டாலருக்கு மதிப்பீடு எழுதித் தந்தார்கள். வண்டியை விற்றால் அதில் பாதிகூடத் தேறாது. எண்ணெயை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டோம். "அது ஆயுட்கால எண்ணெய், மாற்றத் தேவையில்லை, இத்தனை மைல் ஓடியபின் மாற்றினால் உள்ளதும் போய்விடும்" என்று விடை வந்தது. ஒரே மூச்சில் இரண்டு நம்பிக்கைகள். இரண்டையும் மறுப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் நடுக்கத்தின் காரணத்தைப் பார்ப்போம். கிளட்ச் மிதி இல்லாத பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்களில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே டார்க் கன்வர்ட்டர் என்னும் உறுப்பு இருக்கிறது. எதிரெதிரே வைத்த இரு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழலவிட்டால் அதன் காற்றில் மற்றதும் சுழலுமல்லவா? அதே ஏற்பாடுதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். இப்படிக் கைமாறும்போது ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகும். அதனால் வேகம் நிலைபெற்றதும், உள்ளேயிருக்கும் ஒரு கிளட்ச் இரு பக்கங்களையும் சேர்த்துப் பூட்டுகிறது.

பூட்டும்போது அந்த கிளட்ச் சற்று வழுக்கி, பிறகு மெல்லப் பற்ற வேண்டும். இதற்காக எண்ணெயில் உராய்வைப் பதப்படுத்தும் வேதிப்பொருள்களைச் சேர்க்கிறார்கள். வெப்பத்தாலும் வயதாலும் அவை வலுவிழக்கும்போது கிளட்ச் பற்றும், நழுவும், மீண்டும் பற்றும். ஒரு நொடியில் பலமுறை நிகழும் இந்தத் தடுமாற்றமே ஓட்டுபவரின் கையில் நடுக்கமாக உணரப்படுகிறது. வயலின் வில் தந்தியைப் பற்றியும் விட்டும் நாதம் எழுப்புவது இதே இயற்பியலால்தான். அங்கே விரும்பி வரவழைப்பது இங்கே நோயாகிறது.

1851-இல் வெளிவந்த மெல்வில்லின் 'மோபி டிக்' நாவலில் ஸ்பெர்ம் திமிங்கலத்தைத் துரத்திச் செல்பவர்களை நம் வாசகர்கள் அறிவார்கள். மண்ணெண்ணெய் வந்ததும் திமிங்கல எண்ணெயின் காலம் முடிந்தது என்றே நாங்கள் நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மையில் 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்க கியர்பாக்ஸ் எண்ணெய்களில் அதுவே உராய்வைப் பதப்படுத்தும் பொருளாகச் சேர்ந்திருந்தது. அருகிவரும் உயிரினமாக அத்திமிங்கலம் அறிவிக்கப்பட்ட பிறகே தொழில்துறை மாற்றுப் பொருள்களைத் தேடிப் போயிற்று. ஒரு சேர்மானத்துக்காகக் கடலில் வேட்டையாடும் அளவுக்கு அதன் தேவை இருந்திருக்கிறது. அப்படிப்பட்ட பொருள் என்றைக்கும் தேயாது என்று நம்புவதற்கு என்ன நியாயம்?

எண்ணெயே நோயாகவும் எண்ணெயே மருந்தாகவும் இருக்க முடியும் என்பதற்குப் பெரிய சான்றும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் எட்டு வேக கியர்பாக்ஸ்களில் இதே வகை நடுக்கம் பற்றிப் புகார்கள் குவிந்தபோது, பழைய எண்ணெயை முற்றிலும் நீக்கிவிட்டுப் புதிய வகை எண்ணெயை நிரப்பும்படி 2019-இல் அந்நிறுவனமே பணிமனைகளுக்கு அறிவுறுத்தியது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றதும் உண்மையே. ஆனாலும் முதல் சிகிச்சையாக நிறுவனம் தேர்ந்தது எண்ணெய் மாற்றத்தைத்தான். இன்னொரு செய்தி: ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனம் தன் கியர்பாக்ஸ்களுக்கு, ஓட்டும் விதத்தைப் பொறுத்து, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. அவற்றை வாங்கிப் பொருத்திய கார் நிறுவனங்கள் சில அதே எண்ணெயை ஆயுட்காலத்துக்கானது என்றன. செய்தவன் சொல்லைக் கேட்பதா, விற்றவன் சொல்லைக் கேட்பதா?

பழைய வண்டியில் எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்ற அச்சத்துக்கு வருவோம். பெரும்பாலோர் எண்ணெயைப் பற்றி நினைப்பதே கியர் வழுக்கி, வண்டி நகர மறுக்கும் போதுதான். அதற்குள் கிளட்ச் தகடுகள் தேய்ந்துபோயிருக்கும். அப்போது எண்ணெயை மாற்றியும் வண்டி நின்றுவிட்டால் பழி எண்ணெயின் மீது விழுகிறது. சாகும் தறுவாயில் வாயில் பால் ஊற்றினார்கள், உயிர் போய்விட்டது. ஆகவே பால்தான் கொன்றது என்பதைப் போன்ற தர்க்கம் இது.

நாங்கள் இரண்டாவதாகப் போனது தனியொருவர் நடத்தும் சிறிய பட்டறை. அவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். நடுக்கம் வந்தபோது, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்காமலே பிரேக்கை மெல்லத் தொட்டார். பிரேக்கைத் தொட்டால் பூட்டு விடுபடும். நடுக்கம் அக்கணமே நின்றது. சக்கரச் சமநிலையோ, இன்ஜின் தாங்கிகளோ, அச்சு இணைப்புகளோ காரணமாக இருந்தால் அப்படி நிற்காது, எண்ணெய் மாற்றமும் அவற்றைத் தீர்க்காது என்றார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்கியது. அடித்தட்டில் உலோகத் துகள்கள் இல்லை. அதைப் பார்த்த பின்புதான் நம்பிக்கை சொன்னார். ஒருமுறை வடித்தால் பாதி எண்ணெய்கூட வெளியேறாது. மீதி கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். ஆகவே காரின் கையேட்டில் குறித்த அதே ரக எண்ணெயை, இடையிடையே ஓட்டவிட்டு, மூன்று முறை மாற்றினார். இரண்டாம் முறைக்குப் பின் நடுக்கம் குறைந்தது. மூன்றாம் முறைக்குப் பின் நின்றது. செலவு 300 டாலருக்குள் அடங்கிற்று. ஆறு மாதங்கள் கடந்தும் திரும்பவில்லை. நாளை திரும்பலாம்; தேய்ந்த கிளட்சை எந்த எண்ணெயும் வளர்த்துத் தராது. ஆனால் 3,500 டாலருக்கு முன்னால் 300 டாலர் என்ற படி ஒன்று இருக்கிறது. அதை எங்களுக்கு முதலிலேயே காட்டியிருக்க வேண்டும்.

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம். ஆயுட்காலம் என்றால் யாருடைய ஆயுள்? புதுக்கார் வாங்குபவர் உத்தரவாதக் காலம் முடிந்ததும் விற்றுவிடலாம். அவரளவில் அந்தச் சொல் பொய்யாவதில்லை. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வண்டிகளின் சராசரி வயதோ 2024-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 12.6 ஆண்டுகள். இரண்டாம் கை, மூன்றாம் கையாக வாங்கி ஓட்டுபவர்களே அந்தச் சொல்லின் விலையைக் கொடுக்கிறார்கள். அவர்களில் பலருக்கு வண்டி நின்றால் வேலையும் நிற்கும். 'ஆயுள்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றுக என்று ஓர் எண்ணைக் கையேட்டில் அச்சிடுவது தயாரிப்பாளர்களுக்குப் பெரிய செலவல்ல. அது வரும்வரை, பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றே: நடுக்கம் வருமுன்னரே எண்ணெயின் நிறத்தை ஒருமுறை பாருங்கள்.