லோஹேகாவ் வரை இரண்டு மணி நேரம்



புனேக்கு விமானம் ஏறுகிறவர்கள் உண்மையில் போய் இறங்குவது லோஹேகாவில். விமானப்படையின் ஓடுபாதைதான் பயணிகளுக்கும். 2021 ஜனவரி 12 அன்று கோவிஷீல்டு தடுப்பூசிப் பெட்டிகள் சென்னைக்குப் புறப்பட்டதும் இங்கிருந்தே. போன மாதம் அங்கே பெட்டிக்காகக் காத்து நின்றபோது, எதிர்த்திசையில் வரும் சரக்கு நினைவுக்கு வந்தது: நோயாளிகளின் மாதிரிகள். புனேயில் 1952 முதல் இயங்கும் தேசிய நச்சுயிரியல் நிறுவனம்தான் 2018இல் கேரளத்து நிபா நச்சுயிரியையும், 2020 ஜனவரியில் நாட்டின் முதல் கொரோனா தொற்றையும் உறுதி செய்தது.

சென்னையிலிருந்து லோஹேகாவ் வர இரண்டு மணி நேரம் போதும். ஆனால் ரத்தத்தில் பாக்டீரியா இருக்கிறதா என்று அறிய, மாதிரி எங்கேயும் பயணப்படாமலே ஒன்றிரண்டு நாள் ஆகிவிடுகிறது. என் மாமனார் கடும் காய்ச்சலோடு படுத்திருந்தபோது இதைக் கண்ணால் கண்டேன். "பிளட் கல்ச்சர் ரிப்போர்ட் நாளன்னிக்குத்தான் சார்" என்றார் லேப் தம்பி. அதே கட்டிலருகே குளுக்கோமீட்டர் ஐந்து விநாடியில் சர்க்கரை அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் குளுக்கோமீட்டரும் ஒரு மின் உயிருணரிதான். பட்டையில் உள்ள நொதி சர்க்கரையோடு வினைபுரிய, சிறு மின்னோட்டம் பிறக்கிறது. கருவி அதை அளக்கிறது. லேலண்ட் கிளார்க் 1962இல் போட்டுக்கொடுத்த பாதை அது. கிருமிக்கும் இப்படி ஒரு பட்டை ஏன் இல்லை?

காரணம் கூட்டம். நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய நூறு மில்லிகிராம்; எங்கே தொட்டாலும் கிடைக்கும். ஆனால் ரத்தத் தொற்றில், ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக் கிருமிகூட இல்லாமல் போகலாம். சுற்றிலும் 500 கோடி சிவப்பணுக்கள். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்த கதைதான். அதனால்தான் ரத்தத்தைக் கல்ச்சர் குப்பியில் விட்டு, ஊட்டம் கொடுத்து, கிருமி பெருகும்வரை காத்திருக்கிறார்கள்.

மின் உணரி அந்தக் காத்திருப்பைக் குறைக்கப் பார்க்கிறது. நுண்ணிய தங்க மின்வாயில் குறிப்பிட்ட கிருமியை மட்டும் பற்றும் எதிர்ப்புரதத்தையோ டிஎன்ஏ துண்டையோ ஒட்டிவைக்கிறார்கள். கிருமி வந்து ஒட்டினால் அங்கே மின்தடை மாறும். மின்சாரத்தைக் கொண்டு கிருமியை அறிவது புதிதல்ல: கிருமி வளர்ந்தால் திரவத்தின் மின்கடத்தல் மாறும் என்று ஸ்டூவர்ட் என்பவர் 1899லேயே எழுதிவிட்டார். 125 வருஷப் பழைய யோசனை! தடுமாற்றமெல்லாம் ரத்தத்தில்தான்: அதன் புரதங்கள் மின்வாயில் அப்பிக்கொண்டு பொய்ச் செய்தி தருகின்றன. தெளிந்த உப்புநீரில் வென்ற கருவி முழு ரத்தத்தில் தோற்பது வாடிக்கை. ஆகவே, "சில நிமிடங்களில் கிருமி" என்று செய்தி படித்தால், சோதித்தது எதில் என்று முதலில் பாருங்கள்.

இலினாய் பல்கலைக்கழகத்து ரஷீத் பஷீர் குழு 2022இல் கூட்டத்தையே கலைத்தது. ரத்தத்தைச் சூட்டில் உலர்த்தி, கிருமியின் மரபுப்பொருளை அதற்குள்ளேயே பெருக்கி, இரண்டரை மணி நேரத்துக்குள் கண்டுபிடித்தார்கள். அது ஒளியால் படிக்கும் முறை என்றாலும், எனக்குப் பிடித்தது அந்தத் துணிச்சல். பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர் நவகாந்த பட் வழியில் உருவான பாத்ஷோத் நிறுவனம் மின்வேதி முறையில் கொரோனா எதிர்ப்புரதத்தை அளக்கும் கருவியைக் கொண்டுவந்தது. அது பார்ப்பது கிருமியை அல்ல, கிருமி வந்துபோன தடத்தை. அதுவும் நல்ல தொடக்கமே.

பட்டை வரும்வரை நம் கையில் இருப்பது அந்தக் குப்பிதான். முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போவதற்கு முன் எடுத்த ரத்தம்தான் அதில் நன்றாகப் பேசும். காய்ச்சல் என்றதும் போன தடவை மிச்சம் வைத்த மாத்திரையை விழுங்காதீர்கள். விழுங்கியிருந்தால், எது, எப்போது என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்