கள்ளக்குறிச்சி மரச்சிற்பமும் சுதேசியமும்

2019-ல் தனி ஜில்லாவான கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலைக்குக் கிழக்கே, மரத்தில் தெய்வ விக்கிரகங்களும் கதவுகளும் செதுக்கிவரும் தொழிலாளரின் வேலைக்கு 2021-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்துச் சரக்கை இவ்வூர்ப் பெயரால் விற்பதை இனிச் சட்டப்படி தடுக்கலாம். நல்லதே. ஆயினும், பெயருக்குக் காவல் கிடைத்ததனாலேயே கலைக்கும் காவல் கிடைத்துவிட்டதென்று தேசாபிமானிகள் திருப்தியடைந்துவிடலாகாது.

இவ்விஷயத்தில் கலை விமர்சகர் ஆனந்த குமாரசாமி கூறிச்சென்றவை இன்றும் நம்மைச் சுடுகின்றன. இலங்கைத் தமிழரான முத்துக் குமாரசாமிக்கும் ஓர் ஆங்கில மாதுக்கும் 1877-ல் பிறந்த அவர், பூகர்ப்ப சாஸ்திரியாகவே இலங்கைக்குத் திரும்பினார். பாறைகளை ஆராயக் கிராமம் கிராமமாகச் சென்றவர், பரம்பரைக் கைத்தொழில்கள் நசிந்து வருவதைக் கண்டு மனம் நொந்தார். சிங்களக் கலைகளைப் பற்றி 1908-ல் பெருநூலொன்றும், மறு வருஷம் இந்தியக் கைவினைஞரைப் பற்றி வேறொரு நூலும் வெளியிட்டார். சுதேசிக் கிளர்ச்சி ஓங்கியிருந்த அந்நாளில் அவர் கண்டித்தது அந்நியரை மட்டுமன்று, தேசபக்தர்களையுந்தான். சீமைச் சாமானின் மட்டமான நகலை நம் நாட்டிலேயே செய்து வாங்குவது சுதேசியமாகாது, ரசனையே அந்நியமாகிவிட்டபின் சரக்கு எங்கே உற்பத்தியானால் என்ன என்பது அவர் வாதம். கலையை அவர் தனியொருவனின் விநோதமாகக் கருதவில்லை. ஒரு ஜனசமூகம் தன் இயல்பை உணர்ந்து தனக்கு வேண்டியதைக் கேட்க, கைவினைஞன் அதைச் செய்துகொடுக்கிறான். கேட்பாரில்லையேல் உளி துருப்பிடிக்கும்.

எழுத்தறியாதவனைப் பண்பாடற்றவன் என்பதையும் அவர் மறுத்தார். கல்வராயன் மலைவாசிகளான மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்ற கதையை வாய்மொழியாகவே காத்து வந்திருக்கிறார்கள். அடிவாரத்துச் சிற்பியின் வித்தையும் ஏட்டில் இல்லை, கைப்பழக்கத்தில் இருக்கிறது. ஒரு தலைமுறை அறுந்தால் அதை எந்தப் பதிவேடு மீட்டுத் தரும்?

நம் வீடுகளைப் பார்ப்போம். கிருகப்பிரவேசத்துக்குப் பிளாஸ்டிக் பிள்ளையார்; வாசலுக்கு இயந்திரம் குடைந்த கதவு; மேடையிலோ தமிழ்ப் பண்பாட்டைப் பற்றி இரண்டு மணி நேரப் பிரசங்கம்! புது வீடு கட்டும் பிரமுகர்கள் தலைவாசலைக் கள்ளக்குறிச்சிச் சிற்பியிடம் சொல்லிச் செய்யட்டும். கோயில் தர்மகர்த்தாக்கள் பழுதுபட்ட வாகனங்களை அவனிடம் ஒப்புவிக்கட்டும். இயந்திரச் சரக்கின் விலையைக் காட்டி அவன் கூலியைக் குறைக்காதிருக்கட்டும்.