மட்டைத் தட்டும் அடகுச் சங்கிலியும்



சென்ற மாதம் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து அறைக்குத் திரும்பியபோது, மகளிர் குழுவைச் சேர்ந்த ஐந்து தாய்மார்கள் திண்ணையில் காத்திருந்தனர். "சாமி, பாக்கு மட்டைத் தட்டு செய்யும் இயந்திரம் வாங்கப் போகிறோம். குழுச் சேமிப்பு போதவில்லை. சங்கிலிகளை அடகு வைக்கிறோம். தாங்கள் ஆசீர்வதிக்க வேண்டும்" என்றனர். ஆசீர்வாதம் கொடுப்பது எளிது. அடகு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கை எழவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன்.

அவர்கள் எண்ணம் நல்லதே. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாளும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் அவற்றுள் அடக்கம். திருத்தந்தை பிரான்சிசும் 2015ஆம் ஆண்டு 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதை அன்றாட நற்செயல்களுள் ஒன்றாகக் குறித்துள்ளார். ஆயினும் கொதிக்கும் குழம்பை மெல்லிய பையில் ஊற்றி நூல் சுற்றித் தரும் வழக்கம் நம் பக்கத்தில் போனபாடில்லை. கேட்டால், "மலிவு, சாமி" என்கிறார்கள்.

மலிவு என்பதன் பொருள் நம் வட்டாரத்தாருக்குத் தெரியாததா? தோல் தொழிலால் நம் குடும்பங்கள் பிழைத்தன, பிழைக்கின்றன. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் தோலின் விலையில் சேராத செலவு பாலாற்றிலும் கிணறுகளிலும் போய்ச் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் தீர்ப்பளித்தது. கிணறு கெட்ட பிறகு வந்த தீர்ப்பு அது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். தானே உதிரும் மட்டையை நீரில் ஊறவைத்துக் கழுவி, சூடேறிய அச்சில் அழுத்தினால் தட்டாகிவிடும். பசை வேண்டா, சாயம் வேண்டா. ஆனால் நாட்றம்பள்ளியில் தென்னை உண்டு, மா உண்டு. பாக்குத் தோப்பு எங்கே? மட்டைக்கு வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமோ கர்நாடகமோ செல்லவேண்டும். வெயில் காலத்தில் வாங்கி உலர்த்திச் சேமிக்கவேண்டும். மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே இயந்திரத்துக்கு மட்டுமன்றி மட்டைக்கும், அதை வைக்கும் கொட்டகைக்கும் பணம் வேண்டும். இயந்திரம் விற்பவர் இதைச் சொல்லவில்லை. "செய்த தட்டையெல்லாம் நாங்களே வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புவோம்" என்று மட்டும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். 2025 மே மாதத்தில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பாக்கு மட்டைத் தட்டுகள் உணவு வைக்க அங்கே அனுமதி பெற்றவையல்ல என்று அறிவித்ததை அந்தப் பெரியவர் அறிவாரோ, என்னவோ!

அரசின் உதவியும் கேட்டு அறியவேண்டியதே. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 விழுக்காடு மானியம் வகுக்கப்பட்டது. ஆனால் அது உடனே கையில் வருவதன்று; மூன்றாண்டுகள் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகே கடனில் கழியும். திருப்பத்தூர் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நாள் உட்கார்ந்து விசாரித்துவிட்டு, பிறகு நகைக்கடைப் பக்கம் போகலாம்.

மறு ஞாயிறு வந்தவர்களிடம் சொன்னேன்: "அம்மா, சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். முதலில் செய்த தட்டுகளை மொத்தமாக வாங்கி வந்து வாணியம்பாடி, ஜோலார்பேட்டைக் கடைகளிலும் கல்யாண மண்டபங்களிலும் ஆறு மாதம் விற்றுப் பாருங்கள். மழைக்காலத்தையும் பாருங்கள். வாங்குவோர் இருந்தால் இயந்திரம் எங்கும் ஓடிவிடாது. அதுவரை, சேமிப்பில் ஒரு பங்கைக் கொண்டு எவர்சில்வர் தட்டுகள் வாங்கி விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுங்கள். கழுவும் கூலியும் உங்களுக்கே." (எனக்குக் கேட்டால் வாழையிலைக்கு ஈடில்லை, ஆனால் அதில் பார்சல் கட்டி ஜோலார்பேட்டையில் ரயிலேற முடியாது.)

அவர்கள் முகத்தில் சற்று மனத்தாங்கல் தெரிந்தது. இளையவர் மட்டும் பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்தார். "திருவிழா விருந்துக்கு எத்தனை தட்டு வேண்டும், சாமி?"

எழுநூறு என்றேன். முன்பணம் கேட்டார்.