வயிற்றின் சான்றிதழ் நுரையீரலுக்குச் செல்லாது

சென்ற இதழில் இ-சிகரெட் திரவத்துக்கு வக்காலத்து வாங்கி வந்த கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, தப்பான ஒன்றை இவ்வளவு தெம்பாகச் சொல்ல எப்படி முடிகிறது என்ற வியப்பு. மொத்தக் கட்டுரையையும் தாங்கி நிற்பது ஒரே தூண். குப்பியில் இருப்பது நான்கே பொருள்: புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைக்கு எசன்ஸ். முதலாவது இருமல் மருந்தில் இருக்கிறது, இரண்டாவது கேக்கில், நான்காவது ஐஸ்கிரீமில். நிகோடின்? அது கத்தரிக்காயிலேயே இருக்கிறதாம். எல்லாம் வாய்க்குள் போகிற பண்டம்தானே, இதில் என்ன விஷம் என்று கேட்கிறார்.

மருந்துக் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் 19 வருஷம் குப்பை கொட்டியவன் நான். இந்த நாலில் மூன்றை டிரம் டிரம்மாகச் சோதித்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

கத்தரிக்காயை முதலில் முடித்துவிடலாம். அதில் நிகோடின் உண்டு, உண்மை. கிலோவுக்குச் சுமார் 0.1 மில்லிகிராம். என் அக்கா மகனின் கல்லூரிப் பையிலிருந்து போன மாதம் எடுத்த கருவியின் மேல் 10 மி.லி., 5 சதவீதம் என்று போட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 500 மில்லிகிராம். கத்தரிக்காயிலிருந்து இதைப் பெற 5 டன் வேண்டும். கோயம்பேட்டில் லாரி பிடிக்க வேண்டும். சாதாரண நிகோடினை இவ்வளவு அடர்த்தியாக இழுத்தால் தொண்டை கமறி, பையன் அன்றைக்கே தூக்கிப் போட்டிருப்பான். அதற்காகத்தான் பென்சாயிக் அமிலம் சேர்த்து அதை உப்பாக்குகிறார்கள். கமறல் போய்விடும், நிகோடின் போகாது. இது ஐந்தாவது பொருள். கட்டுரையில் இதைக் காணோம்.

இப்போது தூணுக்கு வருவோம். தின்னத் தகுந்தது எல்லாம் மூச்சில் இழுக்கத் தகுந்தது என்கிற தூண். இரைப்பைக்கு அமிலம் இருக்கிறது, குடலைத் தாண்டினால் கல்லீரல் காவலுக்கு நிற்கிறது. நுரையீரலின் காற்றறைகளுக்கு அப்படி ஒரு வாசல்காரன் கிடையாது. மெல்லிய ஒரு சவ்வு, அதற்கு அந்தப் பக்கம் ரத்தம். நல்லெண்ணெயை விடச் சாப்பிடத் தகுந்த பொருள் நம் வீட்டில் எது? அதே எண்ணெயைக் குளிப்பாட்டும்போது பிள்ளையின் மூக்கில் விடாதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் ஏன் தலைதலையாய் அடித்துக்கொள்கிறார்கள்? உள்ளே இறங்கினால் எண்ணெய் நிமோனியா. பாட்டிக்குப் புரியவைத்த அந்த விஷயத்தைக் கட்டுரையாளருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எசன்ஸ் செய்கிறவர்களே ஒத்துக்கொண்ட விஷயம் இது. அமெரிக்க நறுமணப் பொருள் உற்பத்தியாளர் சங்கம், தங்கள் பாதுகாப்புச் சான்று உணவில் சேர்ப்பதற்கு மட்டுமே, வேப்பில், அதாவது இ-சிகரெட்டில், இழுப்பதற்கு அல்ல என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. விற்பவன் தராத உத்தரவாதத்தை இவர் தருகிறார்.

வெண்ணெய் வாசனைக்கு டையசெட்டில் என்று ஒரு பொருள் உண்டு. தின்றால் ஒன்றும் செய்யாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் ஜாஸ்பர் என்ற சிற்றூரில், மைக்ரோவேவ் பாப்கார்ன் ஆலையில் வேலை பார்த்த எட்டுப் பேருக்கு மூச்சுச் சிறுகுழாய்கள் தழும்பேறி அடைத்துப்போனது தெரியவந்தது. அவர்கள் பாப்கார்னைத் தின்று நோயாளியாகவில்லை. வெண்ணெய் வாசனை கலக்கும் இடத்தின் காற்றைச் சுவாசித்தார்கள், அவ்வளவுதான். 2015இன் இறுதியில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 51 வகை இ-சிகரெட் வாசனைகளைச் சோதித்தபோது 39இல் இதே டையசெட்டில் இருந்தது. வேப்பினால் இந்த நோய் வந்ததாக உறுதியான சான்று இல்லை என்று கட்டுரையாளர் எழுதுகிறார். சரி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 'உணவுத் தரம்' என்ற முத்திரை அந்த எட்டுப் பேரைக் காப்பாற்றியதா என்பதுதான் கேள்வி. முத்திரை அசலானதுதான், அவர்களுக்குத்தான் உதவவில்லை.

2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் மூச்சுத்திணறி மருத்துவமனைகளில் வந்து விழுந்ததை அவர் ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போகிறார். அது கஞ்சா எண்ணெய்க் குப்பிகளால் வந்தது, நிகோடின் திரவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்கிறார். பெரும்பாலும் கஞ்சாக் குப்பிகள்தான், ஒத்துக்கொள்கிறேன். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் இறந்தார்கள். இறந்தவர்களைக் கொன்றதாக விரல் நீட்டப்பட்டது எதை நோக்கி? கஞ்சாவை அல்ல. எண்ணெயைக் கெட்டியாகக் காட்டக் கள்ளச் சந்தைக்காரர்கள் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்டை. நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைச் சோதித்ததில் 51 பேரில் 48 பேரிடம் அது இருந்தது. முகத்துக்குப் பூசும் கிரீமில் இருப்பது, சத்து மாத்திரையில் இருப்பது. கட்டுரையாளரின் பட்டியலில் ஆறாவதாகச் சேர்க்க எல்லாத் தகுதியும் உள்ள பொருள். தன் கட்சிக்குச் சாட்சி என்று நினைத்து அவர் அழைத்து வந்த ஆள், எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்.

அடுத்தது, காய்ச்சுவது. குப்பியில் இருப்பதை யாரும் அப்படியே இழுப்பதில்லை. கம்பிச் சுருளில் சுட வைத்துத்தான் இழுக்கிறார்கள். கிளிசரினும் கிளைக்காலும் அதிகம் சூடானால் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் எல்லாம் பிறக்கின்றன. எவ்வளவு என்பது சூட்டைப் பொறுத்தது. யாரும் தாங்க முடியாத சூட்டில் சோதித்து எண்ணைப் பெருக்கிக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. கட்டுரையாளர் அதைச் சுட்டியது நியாயமே. ஆனால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் 56 பேரின் சொந்தக் கருவிகளையே வாங்கிச் சோதித்தார்களே, அதை ஏன் விட்டார்? குப்பியிலிருந்த திரவத்தில் உலோகம் சொற்பம். சுருளைத் தொட்டு வெளிவந்த ஆவியில் ஈயம், நிக்கல், குரோமியம். நாலு பொருள் பட்டியலில் இவை இல்லை, ஏனென்றால் குப்பியில் இவை இல்லை.

அக்கா மகனின் கருவியைக் குறடு வைத்துப் பிளந்து பார்த்தேன். பலாப்பழ நிற உறைக்குள் ஒரு பேட்டரி, திரவம் ஊறிய பஞ்சு, நடுவில் சுருள். ஓரத்துப் பஞ்சு வெளிர் நிறத்தில் மாம்பழ வாசனையோடு இருந்தது. சுருளை ஒட்டிய பஞ்சு மூன்றாம் டிக்காஷன் நிறத்தில், நுனி கரிந்து, கடாயில் அடிப்பிடித்த பாகு போல. இழுத்தது இதன் வழியாகத்தான். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பேட்ச் நம்பர் இல்லை, உற்பத்தித் தேதி இல்லை, செய்தவன் முகவரி இல்லை. செல்போன் உறை விற்கும் கடையில் வாங்கினானாம்.

பேட்ச் நம்பர் இல்லாததைப் பார்த்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. புரோப்பிலீன் கிளைக்கால் இருமல் மருந்தில் இருக்கிறது என்பதை இவர் ஆறுதலாக எழுதுகிறார். நான் அதைப் படித்து நடுங்கினேன். அது வரும் டிரம்மில் டை-எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்து வரலாம். இரண்டுக்கும் நிறம் இல்லை, இரண்டும் பிசுபிசுக்கும், இரண்டும் இனிக்கும். கண்ணோ நாக்கோ கண்டுபிடிக்காது. கேஸ் குரோமட்டோகிராஃபியில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். அனுமதி 0.1 சதவீதம். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் இருந்தது 48.6 சதவீதம். அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். உரிமம் பெற்ற ஆலை, மருந்துச் சட்டம், ஆய்வாளர்கள், இத்தனையும் இருந்தும் இது நடந்தது. இவை ஒன்றுமே இல்லாத குப்பிக்கு நண்பர் தன் பேனாவால் தரச்சான்று எழுதுகிறார். இ-சிகரெட்டில் இப்படி நடக்காது என்பாரானால், 2009இல் அமெரிக்க உணவு மருந்துத் துறை சோதித்த 18 குப்பிகளில் ஒன்றில் இதே விஷம் சுமார் 1 சதவீதம் இருந்தது.

அப்புறம் அந்த 95. சிகரெட்டைவிட 95 சதவீதம் தீங்கு குறைவு என்று 2015இல் இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை சொன்னது நிஜம். அந்த எண் எந்த ஆய்வகத்திலும் அளக்கப்பட்டதல்ல. ஒரு சிறு நிபுணர் குழு கூடி மதிப்பெண் போட்டதில் பிறந்தது. தீங்கைப் பற்றிய திடமான சான்று போதாது என்று அந்தக் குழுவே எழுதியிருக்கிறது. லான்செட் இதழ் தலையங்கத்தில் சாடியது. அதைக்கூட விடுங்கள். புகையிலை எரியாததால் தாரும் கார்பன் மோனாக்சைடும் குறையும், புகைப்பவர் ஒருவர் முழுதாக மாறினால் நச்சு குறையும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அங்கே நிகோடின் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கருவியில் 2 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது, வைட்டமின் சேர்க்கக் கூடாது, சந்தைக்கு வருமுன் உட்பொருளைப் பதிய வேண்டும். என் மேஜையில் கிடப்பது இதில் ஒன்றுக்கும் கட்டுப்படாதது. லண்டன் குப்பிக்குப் போட்ட மார்க்கைத் தி.நகர் குப்பியில் ஒட்டுவது என்ன வகை நேர்மை?

இந்தியாவின் 2019 இ-சிகரெட் தடைச் சட்டத்தைப் பற்றிய அவர் எரிச்சலில் எனக்கும் கொஞ்சம் பங்குண்டு. பெட்டிக்கடைதோறும் சிகரெட் தொங்க, அரசின் எல்ஐசி சிகரெட் கம்பெனியான ஐடிசியின் பங்குகளை வைத்திருக்க, வேப்பை மட்டும் தடுத்தது போலித்தனம் என்றால், ஆமாம். அதற்குச் சிகரெட்டை எதிர்த்து எழுதட்டும். குப்பியில் இருப்பது அதனால் சுத்தமாகிவிடாது.

கட்டுரையின் முடிவில், வேண்டுமானால் எல்லோர் முன்னாலும் ஒரு ஸ்பூன் குடித்துக் காட்டுகிறேன் என்று சவால் விட்டிருக்கிறார். நிகோடின் கலந்ததைக் குடித்துத் தொலைக்கப் போகிறார், வேண்டாம். பதில் சவால் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரட்டும். ரசத்துக்குத் தாளிப்பேன். நான்கே பொருள்: எண்ணெய், கடுகு, உளுந்து, வரமிளகாய். எல்லாம் உணவுத் தரம், அரைக் கரண்டிதான். ஜன்னலைச் சாத்திவிட்டு, அடுப்புப் பக்கத்தில் நின்று, மிளகாய் கருகும் நேரத்தில் தன் முதல் பத்தியை மட்டும் உரக்க வாசித்து முடிக்கட்டும்.